ஷிம்லா லீவில் போன கிழமை

பாலாவிச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி, பெயின்ட் கடைக்குப் பக்கத்தால் மேலே போகிற படியில் ரம்ஸியா பாதிகூட ஏறியிருக்கவில்லை, போன் அடித்தது. தினுக்க. கொழும்பு மனேஜர் விடிந்தும் விடியாததுமாகக் கோல் எடுக்கிறான் என்றால் ஒன்றில் யாரோ வேலையை விட்டுப் போய்விட்டார்கள், இல்லையென்றால் எங்கேயோ எதுவோ உடைந்துவிட்டது. உடைந்துதான் போயிருந்தது. நோர்வேயில் தீவுக்குத் தீவு ஓடுகிற பயணிகள் கப்பல் கொம்பனி ஒன்றுக்கு இவர்கள் டிக்கட் விற்கிற மென்பொருள் செய்துகொடுக்கிறார்கள். அதில் இரவுக் கடைசிக் கப்பலுக்கு வாங்கிய டிக்கட் எல்லாவற்றிலும் அடுத்த நாள் திகதி விழுந்திருந்தது. துறையில் டிக்கட் பார்க்கிறவன் ஒருத்தரையும் ஏற்றவில்லை. சின்னப் பிள்ளைகளோடு வந்த ஒரு தாய் இன்னும் அங்கேயே மர வாங்கில் குந்திக்கொண்டிருக்கிறாளாம். இதையெல்லாம் தினுக்க இங்கிலீசில், சீனி போட்ட குரலில் சொன்னான். யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லையாம். பின்னேரம் எல்லோரும் கோலில் இருந்து, என்ன நடந்தது என்று மனம் விட்டுக் கதைத்தால் போதுமாம். அவன் ஒருக்காவாவது வாய்விட்டு ஏசியிருந்தால் ரம்ஸியாவுக்குப் பாதிப் பாரம் குறைந்திருக்கும்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் படியிலேயே நின்றாள். இந்தப் பாலாவி ஒபிஸ் அவளுடைய வாய்ச்சொல்லில் வந்தது. நாடு பெற்றோல் வரிசையில் நின்ற வருசம் கொழும்பில் வேலை தெரிந்த பெடியன்கள் எல்லாம் கனடா, ஆஸ்திரேலியா என்று கிளம்பிவிட, கொம்பனி ஆளில்லாமல் முழித்தது. அப்போது கல்பிட்டிக்காரி ரம்ஸியாதான் எழும்பி, எங்கள் பக்கத்திலும் பிள்ளைகள் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள், ஒரு அறையும் ஒரு நல்ல இன்டர்நெட் லைனும் தாருங்கள், நான் ஆக்கிக் காட்டுகிறேன் என்று பெரிய கதை கதைத்தாள். வருசக் கணக்காகக் கொழும்பில் போர்டிங் சோறு தின்றவளுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்கிற ஆசையும் அதற்குள் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. இப்போது வருசம் ஒன்று ஆகப்போகிறது. ஆக்கிக் காட்டிய லட்சணம் நோர்வேயில் வாங்கில் குந்திக்கொண்டிருக்கிறது.

ஆக்க வேண்டிய பிள்ளைகள் மூன்று பேர். மூவரும் கம்பியூட்டர் டிப்ளோமா முடித்தவர்கள், மூவருக்கும் இதுதான் முதல் வேலை. கண்டக்குழி ஜெனிஸ்டன் நெடுத்த, கூச்சக்காரப் பெடியன். தகப்பன் பஸ்தியான் இன்றைக்கும் கடலுக்குப் போகிறவர். அந்த வீட்டில் உடுப்பு நனையாமல் சம்பளம் எடுக்கிற முதல் ஆள் இவன். புத்தளம் டவுனிலிருந்து வருகிற றிஸ்மின் வாயாடி, வாய் மூடுகிற நேரத்தில் வேலையும் செய்வான். மூன்றாவது ஷிம்லா. மதுரங்குளிக்குப் பக்கத்தில் கனமூலை. காலையில் எல்லோருக்கும் முதல் வந்து கதவைத் திறக்கிறவள் அவள்தான், கடைசியில் தன் வேலையை முடிக்கிறவளும் அவள்தான்.

வந்த முதல் நாளே ரம்ஸியா சொல்லிவிட்டாள், இங்கே சேர், மேடம் ஒன்றும் கிடையாது, கொழும்பில் எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவது, என்னையும் ரம்ஸியா என்றே கூப்பிடுங்கள் என்று. மூன்று பேரும் ஓம் என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் ஒருத்தரும் அவளை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் திரும்பிப் பார்க்கும்வரை நின்றார்கள். கடைசியில் அவளே தோற்று, என்னவாவது கூப்பிட்டுத் தொலையுங்கள் என்று விட்டுவிட்டாள். றிஸ்மினுக்கும் ஷிம்லாவுக்கும் ராத்தா ஆனாள், ஜெனிஸ்டனுக்கு அக்கா ஆனாள்.

அந்த ஓம்தான் மனுசியைக் கொல்கிற ஓம். ஒரு விசயத்தை வெள்ளைப் பலகையில் கீறி, கையை ஆட்டி, தொண்டை வற்ற விளங்கப்படுத்திவிட்டு, விளங்கிச்சா என்று கேட்டால் மூன்று தலையும் சேர்ந்து ஆடும். ஓம். கேள்வி இருக்கா என்றால் மூன்று தலையும் மற்றப் பக்கம் ஆடும். பிறகு கதிரைக்குப் போய் உட்கார்ந்து மூன்று பேரும் திரையைப் பார்த்து முழிப்பார்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள், வாயிலிருந்து முத்தா உதிரப்போகிறது என்று அவள் கெஞ்சியும் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். அதற்கும் ஓம் என்றார்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி ரிவியூ. இந்தத் தொழிலில் ஒருத்தர் எழுதிய கம்பியூட்டர் கோடை இன்னொருத்தர் வரி வரியாக வாசித்து, எங்கே பிழை, எங்கே ஓட்டை என்று அதற்குக் கீழேயே எழுத வேண்டும். எழுதியது எல்லோர் கண்ணிலும் படும், கொழும்பிலிருக்கிறவனும் பார்ப்பான். பிழையைத் திருத்துவது எழுதியவனின் வேலை. திருத்தி முடித்தால்தான் அந்தக் கோடைப் பொதுவில் சேர்க்கலாம். கொம்பனியே நிற்பது இந்த ஒரு பழக்கத்தில்தான். பாலாவியில் நடந்த ரிவியூ என்னவென்றால், ஜெனிஸ்டன் எழுதியதற்குக் கீழே ஷிம்லா ‘மிச்சம் நல்லம்’ என்று மெச்சிப் போடுவாள். ஷிம்லா எழுதியதற்குக் கீழே றிஸ்மின் ‘சூப்பர்’ என்று போடுவான். றிஸ்மின் எழுதியதற்குக் கீழே ஜெனிஸ்டன் ஒரு பூவைப் போட்டுவிடுவான். ரம்ஸியா ஒரு நாள் பொறுக்க ஏலாமல், இது என்ன கலியாண வீட்டு வாழ்த்து மடலா என்று கேட்டாள். அன்றைக்கு மட்டும் பூ வரவில்லை.

இப்படியே இழுபட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து கணக்கு வந்தது. மூன்று பேரில் இரண்டு பேரைத்தான் நிரந்தரமாக்கலாம், யார் யார் என்று எழுதி அனுப்பு என்றார்கள். ரம்ஸியா யோசித்தாள். ஜெனிஸ்டனுடைய வேலை சுத்தம். சேர்த்ததற்குப் பிறகு ஒரு நாளும் உடைந்ததில்லை. ஒரு தடவை அவனை எல்லோருக்கும் முன்னால் எழுப்பி நிற்கவைத்து, இதுதான் வேலை, பாருங்கள் என்று மெச்சியும் இருக்கிறாள். காது சிவக்கச் சிரித்துக்கொண்டு நின்றான். றிஸ்மின் பரவாயில்லை, பிழைத்துக்கொள்வான். ஷிம்லா கவனம்தான், ஆனால் ஆமை வேகம். கொடுத்த வேலை எப்போதும் பிந்தித்தான் வரும். அப்படியே எழுதினாள். எழுதி அனுப்பிய பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு வேலை இன்னொன்று கிடையாது. கொழும்பில் போர்டிங்கில் நின்று வேலை செய்ய ஷிம்லாவின் வாப்பா செய்னுலாப்தீன் எந்தக் காலத்திலும் விடப்போவதில்லை. இந்தக் கதிரை போனால் அந்தப் பிள்ளை படித்த படிப்பைச் சுருட்டி அலுமாரிக்குள் வைக்க வேண்டியதுதான். ஆனாலும் பாவம் பார்த்து எழுதுவதற்கு இது ஏழைகளுக்கு உதவிப் பணம் கொடுக்கிற சமுர்த்தி ஒபிஸ் இல்லையே என்று தன் மனதுக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஷிம்லா ஒன்றும் தெரியாமல், கூடப்பிறந்த நானாவின் கலியாணம் என்று அடுத்த கிழமை முழுக்க லீவு எடுத்துக்கொண்டு போனாள்.

இன்றைக்குத் திரும்பி வருகிறாள். படியேறி வந்த ரம்ஸியா பையைக்கூடக் கழற்றாமல் லெப்டொப்பைத் திறந்து பிழையைத் தேடினாள். தேட அதிகம் இருக்கவில்லை. கப்பல் போகிற நேரத்திலிருந்து டிக்கட்டுக்குத் திகதி எடுக்கிற இடத்தில், நோர்வே நேரப்படி எடுக்காமல் இலங்கை நேரப்படி எடுத்திருந்தது. அங்கே இரவு கடைசிக் கப்பல் புறப்படும்போது இங்கே பன்னிரண்டு மணி தாண்டி அடுத்த நாள் பிறந்துவிடும். அந்த நாளைத்தான் டிக்கட்டில் அடித்திருக்கிறது. காலைக் கப்பலை வைத்துச் சோதித்துப் பார்த்தால் இரண்டு நாட்டிலும் ஒரே திகதி, ஒன்றும் தெரியாது. அவர்கள் காலைக் கப்பலை வைத்துத்தான் சோதித்திருந்தார்கள். எழுதியது ஜெனிஸ்டன். கீழே றிஸ்மின் சூப்பர் என்று போட்டிருந்தான். ஒரு வரியில் திருத்தி அனுப்பிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நேரத்தைப் பற்றி எத்தனை தரம் பலகையில் கீறியிருப்பாள். எத்தனை ஓம் கேட்டிருப்பாள். ஜெனிஸ்டனா இப்படிச் செய்தான் என்று நம்பவே முடியவில்லை.

ஜெனிஸ்டன் வருகிற அடுத்த கல்பிட்டி பஸ் இன்னும் வரவில்லை, றிஸ்மின் மட்டும் வந்திருந்தான். அவனிடம் விசயத்தைச் சொல்லி, ஜெனிஸ்டன் இப்படி விட மாட்டானே என்று வாய்விட்டுப் புலம்பினாள். றிஸ்மின் பாணைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

“ஷிம்லா இல்லாத கிழமதானே ராத்தா. பின்ன எப்பிடிச் சரி வாற?”

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று கண்டதும்தான் அவன் கடிப்பதை நிறுத்தினான். பிறகு மென்று விழுங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஜெனிஸ்டன் பின்னேரம் வேலையை முடித்து வைத்துவிட்டுக் கடைசி பஸ் பிடிக்க ஓடிவிடுவான். ஷிம்லா காலையில் எல்லோருக்கும் முதல் வந்து அதை வாசிப்பாள். பிழை கண்டால் சத்தம் போடாமல் தானே திருத்திவிட்டு, மிச்சம் நல்லம் என்று எழுதிச் சேர்த்துவிடுவாள். அது முடிந்த பிறகுதான் தன் வேலையைத் திறப்பாள். என்னுடையதிலும் கொஞ்சம் கொஞ்சம் திருத்தியிருக்கிறாள் என்றான், நன்றி சொல்கிற மாதிரி. ஜெனிஸ்டனுக்குத் தெரியுமா என்று ரம்ஸியா கேட்டாள். முடித்த வேலையைத் திரும்பத் திறந்து பார்க்கிற ஆளா அவன் என்று றிஸ்மின் சிரித்தான். ராத்தாவுக்குத் தெரியும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தானாம்.

ராத்தாவுக்குத் தெரியாது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யார் எந்த வரியில் கை வைத்தார்கள் என்று கம்பியூட்டர் பேரோடு வைத்திருக்கும், மறைக்கக்கூட இல்லை. சேர்ந்து முடிந்து, ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனவள் அவள்தான். ஆமை என்று எழுதியவளும் அவள்தான். ரம்ஸியாவுக்கு முதலில் வந்தது வெட்கம். அதற்குப் பின்னாலேயே, எங்கிருந்து வந்ததோ, ஷிம்லாவின் மேல் பொல்லாத கோபம் வந்தது.

ஷிம்லா ஒரு டின் நிறையக் கலியாண வீட்டு இனிப்பு, தொதலும் மஸ்கட்டும் தூக்கிக்கொண்டு, கையில் மருதோன்றிச் சிவப்போடு, சிரித்துக்கொண்டு வந்தாள். ஜெனிஸ்டனும் அதே நேரம் வந்து சேர்ந்தான். அவனுக்கு இரண்டு துண்டு கூடுதலாக வைத்தாள், வீட்டுக்கும் கொண்டு போங்க என்று. ரம்ஸியா தன் துண்டைக் கையில் வாங்கியபடியே, கொஞ்சம் வாங்க என்று அவளைப் பின்பக்கத்துச் சின்ன பல்கனிக்குக் கூட்டிப் போனாள். அங்கே நின்றால் தூரத்தில் உப்பளம் தெரியும், காற்று முகத்தில் அடிக்கும், உள்ளே இருப்பவர்களுக்குக் கதை கேட்காது.

றிஸ்மின் சொன்னதைச் சொல்லி, உண்மையா என்று கேட்டாள். ஷிம்லா தலையை ஆட்டினாள். ஓம் என்றுகூட வரவில்லை.

“பிழைய கண்டா எழுதோணும் எண்டு எத்தின தரம் செல்லியிருப்பன். ஏன் எழுதல்ல?”

“எல்லாரும் பாக்கிற எடத்தில ஒருத்தர்ட குறைய எப்பிடி ராத்தா எழுதுற? கொழும்பு ஆக்களும் பாப்பாங்க.”

ஒருத்தருடைய குறையைக் கண்டால் மறைக்க வேண்டும், மறைத்தால்தான் நாளைக்கு நம்முடைய குறையை அல்லாஹ் மறைப்பான், அப்படித்தானே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள் என்று ஷிம்லா மெதுவாகக் கேட்டாள். எதிர்த்துக் கதைக்கிற கேள்வி இல்லை அது. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். அது பிழை என்று சொல்ல ரம்ஸியாவுக்கு வாய் வரவில்லை. அவளும் அதே குர்ஆன் மதரஸாப் பாயில் உட்கார்ந்து அதையே படித்தவள். ஆளின் குறை வேறு, கோடின் குறை வேறு என்று சொல்லலாம்தான். கொழும்பில் முதல் வருசம் தன் கோடுக்குக் கீழே எவனோ எழுதியதை வாசித்துவிட்டு, அது கோடைப் பற்றித்தான் என்று அவள் என்ன சிரித்துக்கொண்டா இருந்தாள்? அதனால் வேறு மாதிரிக் கேட்டாள், தனியக் கூப்பிட்டாவது அவனிடம் சொல்லியிருக்கலாமே என்று.

“ஒருக்கா போனன். அண்டைக்குப் பாத்து நீங்க அவர எழுப்பி வெச்சி மெச்சினீங்க. அந்த முகத்தப் பாத்துக்கிட்டு எப்பிடி செல்லுற?”

ரம்ஸியாவுக்கு எரிந்தது. நல்ல பிள்ளைகளோடு சண்டை பிடிப்பதைப் போல ஒரு கஷ்டம் உலகத்தில் இல்லை, அடிக்க இடமே கிடைக்காது. உங்களுடைய இந்த நல்ல குணத்தால் அவன் ஒரு வருசமாக ஒரு மண்ணும் படிக்கவில்லை, தெரியுமா என்று கேட்டாள். தொடர்ந்து, சொல்லக் கூடாது என்று நினைத்திருந்ததும் வாயால் வந்துவிட்டது. மூன்று பேரில் இரண்டு பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், நிற்பாட்டப் போவது உங்களைத்தான், நான்தான் அப்படி எழுதிக் கொடுத்தேன் என்றாள். ஷிம்லா பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை. இனி மாத்த ஏலாதா என்று கேட்டாள். மாற்றலாம், நடந்ததைச் சொன்னால் மாற்றுவார்கள் என்றாள் ரம்ஸியா. ஷிம்லா கம்பியை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

“மாத்தினா அவர்தானே போகோணும்? எனக்கு இந்த வேல வேணும் ராத்தா. மிச்சம் வேணும். ஆனா அவர்ட குறைய காட்டி வேணாம்.”

கையிலிருந்த தொதல் உருகி விரலெல்லாம் ஒட்டியிருந்தது. கோல் முடிந்த பிறகு தினுக்கவிடம் தனியாகக் கதைப்பது, ஜெனிஸ்டனிடம் பதமாகச் சொல்வது என்று ரம்ஸியா தீர்மானித்துக்கொண்டாள்.

பின்னேரக் கோலில் தினுக்க கொழும்புத் திரையில் சிரித்த முகமாக இருந்தான். இங்கே நாலு பேரும் நாலு லெப்டொப்புக்கு முன்னால். யாரையும் குறை சொல்ல இல்லை, என்ன நடந்தது என்று விளங்கிக்கொள்ளத்தான் என்று மறுபடியும் தொடங்கினான். யாராவது சொல்லுங்களேன் என்றான். ஜெனிஸ்டன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னுடைய கோட் என்று அவனுக்குத் தெரியும். காலையில் ரம்ஸியா காட்டியிருந்தாள். கேட்டால் சொல்லுவான், கேட்காமல் அவனுக்கு வராது. ரம்ஸியா அவனைப் பார்த்துக் கண்ணால் ஏவினாள். அவன் தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஷிம்லா முந்திக்கொண்டாள். தான் பார்த்திருக்க வேண்டிய வேலை, கவனிக்காமல் விட்டது தன்னுடைய பிழை என்று, மனப்பாடம் செய்த இங்கிலீசில், மூச்சு விடாமல் சொன்னாள்.

தினுக்கவின் சிரிப்பு ஒரு பக்கம் கோணியது. நீங்கள் அந்தக் கிழமை லீவில் இருந்தீர்கள்தானே என்று கேட்டான்.

அப்போதுதான் ரம்ஸியாவுக்கு உடைந்தது. பதமும் இல்லை, தனியாகவும் இல்லை. ஒரு வருசத்து ஓம் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்த மாதிரி இருந்தது. “போதும் ஷிம்லா” என்று முதலில் தமிழில் கத்தினாள். பிறகு இங்கிலீசுக்கு மாறி, எல்லாவற்றையும் கொட்டினாள். யார் எழுதினார்கள், யார் திருத்தினார்கள், எத்தனை மாதமாக நடக்கிறது, தான் எப்படிப் பார்க்காமல் விட்டாள், அனுப்பிய ரிப்போர்ட் எப்படித் தலைகீழ் என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜெனிஸ்டனின் முகம் கண்ணில் பட்டது, ஆனால் நிறுத்த முடியவில்லை. அவன் அழவில்லை, கோபப்படவுமில்லை. கணக்குப் பரீட்சையில் விடை பிழைத்தவன் எங்கே பிழைத்தது என்று தேடுகிற மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இருந்தான். ஷிம்லா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

தினுக்க தீர்ப்புச் சொன்னான். நல்ல பிள்ளைதான் அவன், நியாயம் பார்த்துத்தான் சொன்னான். றிஸ்மினின் இடம் உறுதி. மற்ற ஒரு கதிரைக்கு ஷிம்லாவும் ஜெனிஸ்டனும் இன்னும் கொஞ்ச நாள் வேலை செய்து காட்டட்டும். ஒருத்தர் கோடை மற்றவர் மட்டும் ரிவியூ செய்ய வேண்டும், மற்றவர் வேலையில் யாரும் கை வைக்கக் கூடாது, கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். ரம்ஸியா உட்பட யாரும் உதவி செய்யக் கூடாது. எழுதுவதைத் தானே வாசித்து முடிவெடுப்பேன் என்றான். கோல் முடிந்தது. ஜெனிஸ்டன் பையை எடுத்து, தொதல் பொதியை மறக்காமல் உள்ளே வைத்து, “போயிட்டு வாறன் அக்கா” என்று ஒவ்வொரு நாளும் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவன் ஏசிவிட்டுப் போயிருந்தால் எவ்வளவோ நல்லம் என்று ரம்ஸியா நினைத்தாள்.

நாளைக்கு வர மாட்டான் என்று நினைத்தாள். வந்தான். யாரோடும் கதைக்காமல் உட்கார்ந்து, முதல் மாதத்திலிருந்து தான் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தான். மத்தியானம் சாப்பிடவும் போகவில்லை. பின்னேரம் போல ரம்ஸியாவின் மேசைக்கு வந்து நின்றான். இந்த முறை தொண்டையைச் செருமவில்லை.

“அக்கா, நீங்க அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னீங்களே, நல்ல வேலை எண்டு. அது அவ திருத்தினதா, நான் எழுதினதா?”

ரம்ஸியா அதை ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தாள். ஷிம்லா திருத்தியது. சொன்னாள். அவன் தலையை ஆட்டினான், ஓம் என்று சொல்லாமல் திரும்பிப் போனான். நேரத்தைப் பற்றிப் பலகையில் கீறியது தனக்கு ஒருநாளும் விளங்கவில்லை என்றும், இன்னொருக்காச் சொல்லித் தர முடியுமா என்றும் அடுத்த நாள் கேட்டான். கொழும்பு சொன்ன கட்டளைப்படி அவள் இப்போது உதவி செய்யக் கூடாது. ஒரு வருசமாகக் கேட்கச் சொல்லிக் கெஞ்சிய கேள்வி, கேட்கக் கூடாத கிழமையில் வந்து நிற்கிறது. பொறுங்கள், இது முடியட்டும் என்றாள். சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு அவன் ஷிம்லாவின் கோடை வாசித்துப் பிழை எழுதினான். சின்னச் சின்னப் பிழைகள், ஆனால் உண்மையான பிழைகள். பழி வாங்க எழுதுகிறானோ என்று ரம்ஸியா ஒரு நேரம் பயந்தாள். வாசித்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் மரியாதையாக இருந்தது. ஷிம்லா ஒவ்வொன்றையும் திருத்திவிட்டு, கீழே நன்றி என்று போட்டாள். அவன் கோடுக்குக் கீழே அவள் எழுதியது ஒன்றுமில்லை. எழுதுவதற்கு அவன் இன்னும் ஒன்றும் முடிக்கவில்லை. முன்பு பின்னேரத்துக்குள் முடித்துவிட்டு ஓடியவன் இப்போது ஒரே வேலையை நாட்கணக்கில் வைத்து, திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான்.

தினுக்க முடிவெடுக்கிற நாளுக்கு முதல் நாள் காலையில்தான் அதை முடித்து ரிவியூவுக்கு வைத்தான். ரம்ஸியா தான் பார்க்கக் கூடாது என்று இருந்தும் பார்த்தாள். இதுவரை அவன் எழுதியதிலேயே நல்ல வேலை. அதற்குள் ஒரு பெரிய பிழையும் இருந்தது. டிக்கட் வாங்கியவர் வேண்டாம் என்று ரத்துச் செய்தால் அந்த இருக்கை திரும்ப விற்பனைக்கு வரவில்லை. வெறும் இருக்கையோடு கப்பல் போகும், இடமில்லை என்று ஆட்களைத் துறையில் விட்டுவிட்டுப் போகும். ஷிம்லா வாசித்தால் கண்டுபிடிப்பாள், அதில் சந்தேகமே இல்லை. எழுதினால் கதிரை அவளுக்கு. எழுதாவிட்டால் நாளைக்குத் தினுக்க தானே வாசித்துக் கண்டுபிடிப்பான், இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பினாலும் அனுப்புவான்.

ஷிம்லா காலையிலிருந்து அதைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்துக்கு வந்து நின்றதை ரம்ஸியா பக்கத்து மேசையிலிருந்தே கண்டாள். அதற்குப் பிறகு திரை அசையவில்லை. மத்தியான ளுஹருக்கு எழும்பித் தொழுதுவிட்டு வந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தாள். கீழே எழுதுகிற பெட்டியில் ஒரு சொல் எழுதுவாள், அழிப்பாள். பின்னேரம் ஆனது. கீழே சந்தியில் மதுரங்குளிப் பக்கம் போகிற அவளுடைய பஸ் ஹோர்ன் அடித்தது. றிஸ்மின் போய்விட்டான். ரம்ஸியா வாயைத் திறந்து, எழுதுங்களேன் பிள்ளை என்று சொல்ல நினைத்தாள். யார் பக்கம் நின்று சொல்வது என்று தெரியவில்லை. பஸ் ஷிம்லாவை விட்டுவிட்டுப் போனது.

ஜெனிஸ்டன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். ஷிம்லாவின் கதிரைக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி நின்று, அவள் திரையைப் பார்த்தான். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தான். வாசித்தான். பிழை அவனுக்குத் தெரிந்துவிட்டது, ரம்ஸியாவுக்கு இருந்த இடத்திலிருந்தே அது விளங்கியது. அவனுடைய காது மெல்லச் சிவந்தது.

“எழுதுங்க” என்றான்.

ஷிம்லா திரும்பிப் பார்க்கவில்லை. விரல் இரண்டும் விசைப்பலகைக்கு மேல் நின்றது. மருதோன்றி நகத்தில் மட்டும் மிஞ்சியிருந்தது. பிறகு ஒரு எழுத்தை அடித்தாள். அடுத்ததை அடித்தாள். அழிக்கவில்லை. அந்தச் சத்தம் வெறும் அறையில் ஒவ்வொன்றாகக் கேட்டது. ரம்ஸியா ஒரு வருசமாகத் தொண்டை வற்றக் கத்திக் கேட்ட சத்தம். இப்போது அதைக் கேட்க அவளுக்கு எழும்பி வெளியே போய்விடலாம் போல இருந்தது.

ஜெனிஸ்டன் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தான். அவள் எழுத எழுத வாசித்துக்கொண்டு வந்தான். அவள் முடித்து, கையை எடுக்கப் போனாள். அவன் கையை நீட்டி, தன் கோடில் இன்னும் இரண்டு வரிக்குக் கீழே, அவள் காணாத ஒரு பிழையில் விரலை வைத்தான்.

“இதையும்” என்றான்.